பாலுமகேந்திராவின் "வீடு" யாருடைய கதை?

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது பழமொழி. இரண்டும் கஷ்டம் என்று அது சொல்கிறது. அந்தக் கஷ்டத்தை உண்டாக்குபவன் யார் என்று சொல்வதில்லை. அதைத் திரையில் காட்டியவர் டைரக்டர் பாலுமகேந்திரா.

1939-ல் இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த அவர், பூனா திரைப்படக் கல்லூரியில் காமிராத் தொழில் படித்தார். 1977-ல் கன்னடத்தில் "கோகிலா"வை எடுத்து டைரக்டரானார். 1982-ல் வந்த "மூன்றாம் பிறை" பெரும் வெற்றி கண்டது. அதே பாதையில் போயிருந்தால் பணத்துக்குப் பஞ்சமிராது. ஆனால் 1988-ல் அவர் கொடுத்த படம் "வீடு". அதில் பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை.

மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் ஒரு பெண் சிறிய வீடு கட்ட முனைகிறாள். பிளான் அனுமதிக்கு லஞ்சம் அழ வேண்டியிருக்கிறது. கான்ட்ராக்டர் சிமெண்டைத் திருடி விற்கிறான். அந்தக் கள்ளத்தை அம்பலப்படுத்துவது யார்? படித்தவர்களா? இல்லை, அங்கே சித்தாள் வேலை செய்யும் ஒரு பெண்தான்! வீடு எழும்பி வரும் நேரத்தில், அது குடிநீருக்காக அரசு கையகப்படுத்திய நிலம் என்று அதிகாரி வந்து நிற்கிறார். வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. படம் முடிகிறது.

பின்னர் டெலிவிஷனுக்கு வந்தபோதும் அவர் குடும்பச் சண்டையை வருஷக்கணக்கில் இழுக்கவில்லை. "கதை நேரம்" என்ற பெயரில் தமிழ் எழுத்தாளர்களின் சிறுகதைகளைக் குறும்படங்களாக்கி வீடுகளுக்குக் கொண்டுவந்தார். கதைப் புத்தகம் வாங்கக் காசில்லாதவனுக்கும் அவை கிடைத்தன. 2014-ல் அவர் காலமானார்.

நமக்கு ஒரு குறை உண்டு. "வீடு" படத்தின் நாயகி கோர்ட்டுக்குப் போகிறாள். அவளுக்குப் பின்னால் நாலு பேர் இல்லை. டைரக்டரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி காட்டினார். மேற்கொண்டு செய்ய வேண்டியது பார்க்கிறவர்களின் வேலை. பண்பொழி வயலில் நாற்று நடும் பெண், குடியிருக்கும் மனைக்குப் பட்டா கேட்டுத் தாலுகா ஆபீசுக்குத் தனியாக நடந்தால் அவளுக்கும் "நாளை வா" என்ற பதில்தான் கிடைக்கும். தெருவே திரண்டு போனால் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து பேசுவார்.

ஆகவே தோழர்களே, சங்கக் கட்டிடத்தில் ஒருநாள் இரவு "வீடு" படத்தைப் போடுங்கள். ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடித்து வருபவரும், களையெடுத்துத் திரும்பும் பெண்களும் சேர்ந்து பார்க்கட்டும். படம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். நம் தெருவில் பட்டா இல்லாதவர் எத்தனை பேர் என்று அங்கேயே கணக்கெடுங்கள், மனு எழுதுங்கள்.