புகையாம்... வெறும் புகையாம்!

வனஸ்பதி டின்னில் 'நெய்' என்று சீட்டு ஒட்டி விற்றால் உணவு ஆய்வாளர் சும்மா விடுவாரா? சாம்பிள் எடுத்து, வழக்குப் போட்டு, கோர்ட் வாசலில் நிறுத்திவிடுவார். 'சீட்டில் நெய் என்றுதானே போட்டிருக்கிறது' என்று எந்த வியாபாரியும் அங்கே வாதாட முடியாது. ஆனால் மனிதனை எலும்பு வரை எரிக்கும் சரக்கிற்கு 'புகைக் குண்டு' என்று சீட்டு ஒட்டிவிட்டால் போதும். உலகச் சட்டம் கைகட்டி நின்றுவிடுகிறது!

அந்தச் சரக்கின் பெயர் வெள்ளைப் பாஸ்பரஸ். காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். 800 டிகிரிக்கு மேல் எரியும். தண்ணீர் ஊற்றினால் அடங்கியது போல் இருக்கும். ஈரம் காய்ந்ததும் மீண்டும் பற்றும். சதைக்குள் புதைந்த துணுக்கு, கட்டுக்குள் காற்றில்லாமல் பதுங்கிக் கிடக்கும். மறுநாள் டாக்டர் கட்டைப் பிரிக்கிறார்... புண்ணிலிருந்து புகை கிளம்புகிறது! 2009 ஜனவரியில் காஸாவின் ஷிஃபா மருத்துவமனை டாக்டர்கள் கண்ட காட்சி இதுதான். உடம்பில் பத்தில் ஒரு பங்கு வெந்திருந்தாலே உயிர் போகலாம். ஏனென்றால் விஷம் இரத்தத்தில் கலந்து ஈரலையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்குகிறது.

இதற்குப் பெயர் புகையாம்!

2004 நவம்பரில் ஈராக்கின் பல்லூஜா நகரில் அமெரிக்கப் படை இதை வீசியது. 'வெளிச்சத்திற்காக மட்டுமே' என்று முதலில் சாதித்தார்கள். ஆனால் அவர்களுடைய ராணுவப் பத்திரிகையே, பதுங்கு குழிகளிலிருந்து எதிரிகளை விரட்ட இதைப் பயன்படுத்தியதைப் பெருமையாக எழுதிவிட்டது. வேறு வழியின்றி 2005 நவம்பரில் பென்டகன் ஒப்புக்கொண்டது.

காஸாவிலும் அதே நாடகம். முதலில் 'இல்லவே இல்லை' என்றது இஸ்ரேல். பிறகு 'சட்டப்படிதான் பயன்படுத்தினோம்' என்றது. ஒரு 155 மில்லிமீட்டர் ஷெல் வானில் வெடித்தால், பாஸ்பரஸில் ஊறிய 116 துண்டுகள் எரிந்துகொண்டே சிதறி விழும். நெருக்கமான குடியிருப்பில் இது யாரைத் தேர்ந்தெடுத்து விழும்? 2009 ஜனவரி 15 அன்று ஐ.நா. நிவாரணக் கிடங்கிலேயே விழுந்தது. உணவும் மருந்தும் எரிந்தன. இரண்டே நாளில், அகதிகள் தஞ்சமடைந்திருந்த பைத் லாஹியா பள்ளிக்கூடத்தில் விழுந்தது. அந்தத் தாக்குதலில் இரண்டு சிறுவர்கள் மாண்டார்கள். 2023 அக்டோபரில் காஸா துறைமுகத்தின் மீதும் லெபனான் எல்லையிலும் அதே வெள்ளைப் புகை இறங்கியதை வீடியோக்களைச் சோதித்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் உறுதி செய்தது. இஸ்ரேல் இதையும் மறுத்தது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது! தீயிடும் ஆயுதங்களுக்கான ஐ.நா. உடன்பாடு 1980ல் எழுதப்பட்டது. ஆனால் எரிப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு தயாரித்தால்தான் அது தீ ஆயுதமாம். புகைக்காகத் தயாரித்தது என்றால் விதிவிலக்காம். விமானத்திலிருந்து போடுவதற்குக் கடுமையான தடை, பீரங்கியால் சுடுவதற்கோ தளர்ந்த விதி. வெந்துபோன குழந்தை, தன்னைச் சுட்டது எதன் வழியாக வந்தது என்று விசாரிக்குமா? இஸ்ரேல் இந்த உடன்பாட்டில் சேரவே இல்லை. அமெரிக்கா 2009ல் சேர்ந்தது. சேரும்போதே தனக்கு வசதியாக ஒரு நிபந்தனையையும் எழுதி வைத்துக்கொண்டது.

நெருப்பால் வேதனை செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போரிலும் தடுத்தார்கள். அந்த அளவுகோல் எல்லோருக்கும்தான். 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் குர்து முஸ்லிம்களின் தோலை விஷவாயுவால் வேக வைத்தது சதாமின் விமானப்படை. ஆயிரக்கணக்கானோர் மாண்ட அன்று, எத்தனை முஸ்லிம் அரசுகள் வாய் திறந்தன?

நம் நாடு 1984லேயே இந்த உடன்பாட்டை ஏற்றுக்கொண்ட நாடு. எனவே பேசும் உரிமை நமக்கு உண்டு. ஓட்டுக் கேட்டு உங்கள் கடை வாசலுக்கு வரும் எம்.பி.யிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஆயுதத்தை அதன் சீட்டை வைத்து அல்ல, அது உண்டாக்கும் காயத்தை வைத்து வரையறுக்க வேண்டும் என்று ஜெனீவாவில் வலியுறுத்தும்படி, நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று அரசைக் கேட்பாரா, மாட்டாரா?