பாலை அன்னிக்கே நிறுக்கிறோம், கணக்கை மட்டும் ஏன் தள்ளிப் போடணும்?

தொழிலாளத் தோழர்களே!

வெட்டின பாலை அன்னிக்கே ஸ்டோருக்குக் கொண்டு போய் நிறுக்கிறோம். கிராணியும் அன்னிக்கே எடையைப் புத்தகத்தில் எழுதுகிறார். "இன்றைய பாலை அடுத்த வருஷம் நிறுத்துக்கலாம்" என்று அவர் சொன்னால் விடுவோமா? அதற்குள் பால் உறைந்து போகும். எத்தனை கிலோ கொண்டு வந்தோம் என்பதற்குச் சாட்சியும் இருக்காது.

பொதுப்பணமும் இந்தப் பால் மாதிரிதான்.

நம்மில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் போயாச்சு. அங்கே கால்வாயும் தெருவிளக்கும் நகராண்மைக் கழகத்தின் அல்லது மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. அதற்காக மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். அது போதாது என்றுதான் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு, மாநிலங்கள் வழியாக இந்த மன்றங்களுக்கு வருஷா வருஷம் மானியம் கொடுக்கிறது.

"மானியம் அரசாங்கப் பணம், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். அரசாங்கத்துக்கு ஏதய்யா தனிப் பணம்? நாம் கடையில் சாமான் வாங்கும்போது கொடுக்கிற வரியும் அதில்தான் சேருது.

கணக்கு காலத்தோடு வராவிட்டால் என்ன ஆகும்? கால்வாய் கட்டின குத்தகைக்காரர் வேறு ஊருக்குப் போயிருப்பார். கையெழுத்துப் போட்ட அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். தவறு நடந்ததா இல்லையா என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. நேர்மையாக வேலை செய்தவர் மேலும் சந்தேகம் விழும்.

ஒரு காலத்தில் ஊராட்சி மன்றத்துக்கு நாமே ஓட்டுப் போட்டோம். 1965-ல் அந்தத் தேர்தல் நிறுத்தப்பட்டது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு, தேர்தலைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லி 1968-ல் அறிக்கை கொடுத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலை அடியோடு எடுத்துவிட்டது. இன்றைக்கு உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஓட்டும் இல்லை, கணக்கும் தாமதம் என்றால் நம் கையில் மிச்சம் என்ன?

கணக்குக் கொடுப்பது நடக்காத காரியமில்லை. 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி நம் சங்கமே வருஷா வருஷம் கணக்காய்வு செய்த கணக்கை அரசாங்கத்துக்கு அனுப்பணும். நாம் கட்டுகிற சந்தாவுக்கு இத்தனை கட்டுப்பாடு இருக்கும்போது, மானியம் வாங்குகிற மன்றத்துக்கு மட்டும் என்ன சலுகை?

அதற்காக மானியத்தையே வெட்டு என்று நான் சொல்லவில்லை. வெட்டினால் இருட்டில் நடக்கப் போவது நம் பிள்ளைகள்தான். நான் கேட்பது இதுதான். வருஷம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கணக்காய்வு முடிந்த கணக்கு, மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஒட்டப்படணும். ஒட்டாத மன்றத்துக்குக் கால்வாய், விளக்கு, குப்பைச் செலவு தவிர புதுத் திட்டப் பணம் நிற்கணும். கணக்கர் இல்லாத சின்ன மாவட்ட மன்றங்களுக்கு அரசாங்கமே ஆள் கொடுக்கணும்.

நமக்கும் வேலை இருக்கு. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மன்றமே தீர்மானம் போட்டு மூடினாலொழிய, அதன் முழுக் கூட்டத்தில் பொதுமக்கள் போய் உட்காரலாம். சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் கேட்கவே மாநிலச் சட்டம் இருக்கு. நாலு பேராகச் சேர்ந்து போங்க. போன வருஷம் மானியம் எவ்வளவு வந்தது, எதுக்குச் செலவாச்சு, கணக்காய்வு எப்போ முடிஞ்சது என்று மூன்றே கேள்வி கேளுங்க. பதிலை எழுத்தில் வாங்குங்க.

நிறுவைத் தட்டு பக்கத்தில் நாம் நின்றால்தான் எடை சரியாக விழும், தோழர்களே!