சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்



வேதாகமத்தை ஆண்டுக்கொருமுறை வாசித்து முடிக்கும் வழக்கமுள்ளவர்கள்கூட லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தின் பின்பகுதியைச் சற்று வேகமாகவே கடந்துவிடுகிறார்கள். வீட்டுச் சுவரில் காணப்படும் குஷ்டதோஷத்தைப் பற்றிய பிரமாணம் அது. சுவரில் பச்சையும் சிவப்புமாகக் குழி விழுந்தால் வீட்டுக்காரன் ஆசாரியனிடத்தில் போய்ச் சொல்ல வேண்டும். ஆசாரியன் வருமுன்னே வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துவிட வேண்டும். அவன் வந்து பார்த்து, வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்து, திரும்பவும் வந்து பார்ப்பான். தோஷம் படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்குப் புறம்பே எறிந்து, உட்சுவரைச் சுரண்டி, வேறு கல்லும் வேறு சாந்தும் வைத்துக் கட்டுவார்கள். இத்தனைக்குப் பின்னும் தோஷம் திரும்பினால் வீட்டையே இடிக்க வேண்டியதுதான். இது ஒருவகைப் பூஞ்சணமாக இருக்கலாம் என்பது வேத ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து.

அந்த ஆசாரியன் இரண்டு முறை பார்த்த பிறகே கல்லைத் தொட அனுமதிக்கிறான். நம்மில் அநேகர் ஒருமுறைகூடப் பாராமல் வர்ணம் வாங்கக் கடைக்குப் போகிறோம்.

அந்தமானிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதமே இம்மாதம் இந்தப் பொருளை எடுக்கக் காரணம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், மேட்டைக் குடைந்து கட்டிய ஒரு வீட்டின் கீழ் அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். பின்சுவர் முழுவதும் ஓதம். அலமாரியில் இருந்த வேதாகமமும் பாட்டுப் புஸ்தகமும் பூஞ்சணம் பிடித்துவிட்டன. இரண்டு பிள்ளைகளுக்கும் இரவில் மூச்சிரைப்பு. வட்டிக்குக் கடன் வாங்கி இரண்டு முறை உள்ளே பூசியும் ஒரே மழைக்காலத்தில் பெயர்ந்து விழுந்தது. கறை மனித முகம்போல் தெரிவதால் இது ஏவல் என்று பக்கத்து வீட்டார் சொல்ல, வீட்டில் சமாதானமே போய்விட்டதாம்.

அந்தச் சகோதரிக்கு முதலாவது சொல்ல வேண்டியது இதுதான்: அது ஏவலல்ல, பில்லிசூனியமல்ல, தண்ணீர். நம்முடைய சபைகளில் எதற்கெடுத்தாலும் பிசாசின்மேல் பழிபோடும் ஒரு பழக்கம் வளர்ந்திருப்பதை வருத்தத்தோடு சொல்கிறோம். அந்த வீட்டில் ஜெபியுங்கள், பிள்ளைகளின் சுகத்திற்காக உபவாசித்தும் ஜெபியுங்கள். அவர்களை மருத்துவரிடமும் காட்டுங்கள். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமாவும் சுவாச நோய்களும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தெளிவாகக் கூறியிருக்கிறது. பிள்ளைகளின் கட்டிலை இன்றைக்கே அந்தச் சுவரைவிட்டு நகர்த்துங்கள்.

பேஸ்மெண்ட் என்றால் நம் ஊர்க் கொத்தனார்களுக்குத் தரைக்கு மேலே எழுப்பும் அஸ்திவார மட்டம். தரைக்குக் கீழே அறை கட்டும் வழக்கம் நமக்கு அதிகமில்லை. ஆனால் அந்தமானில் மேட்டை வெட்டிக் கட்டிய வீட்டின் பின்பாதி உண்மையில் நிலவறைதான். முன்வாசல் தெரு மட்டத்தில் இருக்கும். பின்சுவரோ ஆறடி, ஏழடி உயரத்துக்கு மண்ணைச் சுமந்து நிற்கும். கீழ் அறைக்கு வாடகை குறைவு என்பதால், பிழைப்புக்காகக் கப்பலேறி வந்த நம் ஜனங்கள் அங்கேதான் குடியேறுகிறார்கள்.

அங்கே பெய்கிற மழையோ கொஞ்சமல்ல. மே மாதத்தின் மூன்றாவது வாரவாக்கில் தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவில் முதலாவது தொடுவது அந்தத் தீவுகளைத்தான். வடகிழக்குப் பருவமழையும் டிசம்பர் வரை விடாது. ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர், அதாவது சென்னையைப்போல் இருமடங்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 80 சதுர மீட்டர் தகரக் கூரையில் பாதி மேட்டுப்பக்கமாகச் சரிந்திருந்தால், ஒரு வருஷத்தில் 1,20,000 லிட்டர், அதாவது பன்னிரண்டு பெரிய லாரித் தண்ணீர், வீட்டின் பின்சுவர் ஓரத்திலேயே விழுகிறது. அது எங்கே போகும்?

போக வழியில்லாவிட்டால் மண்ணுக்குள் நிற்கும். நிற்கும் தண்ணீருக்குப் பாரமுண்டு. சுவருக்குப் பின்னால் இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டர்மேலும் ஏறக்குறைய இரண்டு டன் அழுத்தம் விழும். அறைக்குள்ளிருந்து அரை அங்குலம் சாந்து பூசி இதைத் தடுக்கப் பார்த்தால் என்ன நடக்கும்? தண்ணீர் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். கரைந்து வந்த உப்பு பூச்சுக்கு உள்ளேயே படிகமாகிப் பொரியவைக்கும். இப்பக்கம் வழி அடைபட்டதால் ஓதம் இன்னும் மேலே ஏறும். எசேக்கியேல் 13-ஆம் அதிகாரத்தில், சாரமற்ற சாந்து பூசின சுவர் பெருமழையில் விழுவதைத் தீர்க்கதரிசி கண்ட காட்சி நமக்கு நினைவுக்கு வருகிறது. கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றி அவர் சொன்னது சில காண்ட்ராக்டர்களுக்கும் பொருந்தும்!

ஆகையால் முதலாவது பாருங்கள். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிமுகத்தில் வியர்த்திருந்தால், ஈரம் அறையின் காற்றிலிருந்து வருகிறது. சமையல் ஆவியும் உள்ளே உலர்த்தும் துணிகளும் காரணமாயிருக்கலாம். உள்முகம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரவில் குழாய்களையெல்லாம் மூடி, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பார்த்தால் குழாய் ஒழுகுகிறதா என்பது விளங்கும். மழைக்காலத்தில் மட்டும் கறை விரிகிறதா, பன்னிரண்டு மாதமும் ஒரேபோல இருக்கிறதா என்றும் குறித்துவையுங்கள். தரையிலிருந்து மூன்றடிக்குள் மட்டும் கோடு கிழித்தாற்போல நின்றால், அஸ்திவாரத்தின்மேல் ஓதத் தடுப்புப் பூச்சு (டி.பி.சி.) போடாமல் விட்டிருப்பார்கள். மேட்டுப்பக்கச் சுவரில் மட்டும், மழை பெய்த மறுநாள் கறை விரிந்தால் அது மலைத்தண்ணீர்தான்.

தீவுகளுக்குரிய இன்னொரு காரணமும் உண்டு. பழைய வீடுகள் பலவற்றில் கடற்கரை மணலே சாந்தில் சேர்ந்திருக்கிறது. கடற்கரையில் மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2002-ல் உத்தரவிட்டது. அதற்கு முன் கட்டியவை அப்படியே நிற்கின்றன. நன்றாகக் கழுவாத கடல்மணலின் உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுக்கும். உள்ளிருக்கும் கம்பியையும் துருப்பிடிக்கச் செய்யும். அப்படிப்பட்ட பூச்சை லேவியராகமம் சொல்கிறபடியே செங்கல் தெரியுமட்டும் கொத்தி எடுத்து எறிவதைத் தவிர வேறு வழியில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதியின் வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றதை அநேகர் கண்டிருக்கிறீர்கள். அவ்வாறான தாழ்விடத்து வீடுகளில் கீழிருந்து ஊறும் ஈரத்தோடு போராடிப் பணத்தை இழக்காதிருங்கள். தரையை உயர்த்துவது அல்லது மாறிப்போவதே புத்தி.

மலைத்தண்ணீர் என்று தெரிந்தால் வேலை வெளியே தொடங்க வேண்டும். முதலில் கூரைக்குத் தகரப் பீலி கட்டி மழைநீரைத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள்; ஏப்ரலில் குடிநீருக்குத் தவிக்கும் ஊரில் அது ஆசீர்வாதமும்கூட. அடுத்து, மேட்டின்மேலிருந்து வரும் ஓட்டத்தை வீட்டை அணுகுமுன்னே மறித்துப் பக்கவாட்டில் திருப்ப ஒரு சிமெண்டு வாய்க்கால். பாதி வீடுகளில் இவ்விரண்டுமே நோயைத் தீர்த்துவிடும். செலவு குறைந்த வேலை என்பதால்தானோ என்னவோ, இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

அதற்கும் அடங்காவிட்டால் சுவரின் வெளிப்புறத்தைத் தோண்ட வேண்டும். இதை வறண்ட மாதங்களில் மட்டும், சிறுசிறு நீளமாகத் தோண்டி மூடிக்கொண்டே செய்ய வேண்டும். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே கடப்பாரை போகலாகாது. ஆளுயரத்துக்கு மேற்பட்ட மண்சுவராயிருந்தால் பொறியாளரைக் கேளாமல் தொடாதிருங்கள். மண் சரிந்தால் உயிருக்கு ஆபத்து, அதோடு அந்தமான் நிலநடுக்கத்துக்குப் பேர்போன இடம். சுவரைச் சுத்தம்பண்ணி 1:3 சிமெண்டுச் சாந்து பூசி, ஏழு நாள் தண்ணீர் ஊற்றி உலரவிட்டு, நீர்த்தடுப்புப் பூச்சோ தாரோ இரண்டு கை அடிக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் துளையிட்ட நான்கு அங்குலக் குழாயை நூறு அடிக்கு ஓரடி வாட்டத்தில் வைத்து, சுற்றிலும் ஜல்லி நிரப்பி, மண் புகாமல் நீரை மட்டும் விடும் துணியால் ஜல்லியைச் சுற்ற வேண்டும். குழாயின் மறுமுனை வீட்டின் பக்கத்தில், தாழ்ந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியும்படி திறந்திருக்கட்டும். சிமெண்டு சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தாவிலிருந்து கப்பலில் வருவது. மூட்டையில் தயாரித்த மாதம் பார்த்து வாங்குங்கள். மூன்று மாதம் கடந்ததும் கட்டி தட்டியதும் நீர்த்தடுப்பு வேலைக்கு உதவாது.

சுவர் மேட்டோடு ஒட்டியிருந்து வெளியே போக வழியே இல்லையென்றால் உள்வேலைதான் மிஞ்சும். பழைய பூச்சை நீக்கி, இணைப்புகளை அடைத்து, சிமெண்டு அடிப்படையிலான நீர்த்தடுப்புப் பூச்சு போடலாம். வர்ணக்கடையில் விற்கும் பளபளப்பான பூச்சு வேண்டாம். அல்லது நாலைந்து அங்குல இடைவெளி விட்டு உள்ளே ஒரு மெல்லிய சுவர் எழுப்பி, கசியும் நீரை இடையிலுள்ள கால்வாயால் வெளியே விடலாம். எந்த முறையானாலும், வேலை பேச வரும் மேஸ்திரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்?” இதற்கு விரல்நீட்டிக் காட்டாமல் ஐந்து வருஷ காரண்டி பேசுகிறவருக்கு முன்பணம் கொடாதிருங்கள்.

வாடகைக்கு இருப்பவர் சுவரைத் தோண்ட முடியாது, உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் தாளையும், தேதி எழுதிய புகைப்படங்களையும் காட்டி வீட்டுக்காரரிடம் பொறுமையாகப் பேசலாம். பீலிக்கும் வாய்க்காலுக்கும் ஆகும் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் உண்டு. வீட்டுக்காரர் விசுவாசியாயிருந்தால், பிள்ளைகள் மூச்சிரைக்கும் அறைக்கு வாடகை வாங்குவதைப் பற்றி அவர் கர்த்தருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறோம். பூஞ்சணத்தைத் துடைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலோடு கழிவறை ஆசிட்டை ஒருபோதும் கலக்காதிருங்கள், விஷவாயு உண்டாகும்.

சென்னையிலும் பெங்களூரிலும் தரைக்கீழ்த் தளத்தை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தும் சபையார்க்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைக்கீழ்த் தளங்கள் எப்படி நிரம்பின என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒலிபெருக்கி, கீபோர்டு ஒயர்களை ஈரத் தரையில் கிடத்தாதிருங்கள். மின்கசிவு துண்டிப்பான் பொருத்தாத இடத்தில் கூடுகையே வேண்டாம்.

அந்தமானில் இவ்வேலைக்கேற்ற காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மே மாத முதல் பெருமழையில் போய்க் குழாயின் வாயைப் பாருங்கள். அங்கே தண்ணீர் கொட்டினால் சுவருக்குப் பின்னால் தேங்கவில்லை என்று அர்த்தம். உட்சுவர் உடனே உலர்ந்துவிடாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு முக்கால் வருஷம் ஆகும். அதுவரை விலையுயர்ந்த வர்ணம் வேண்டாம், காற்று புகவிடும் சுண்ணாம்பு அடித்தால் போதும்.