பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

பிலிம் கழுவுகிற டெவலப்பரை வீட்டிலேயே கலந்துகொள்ளலாம் என்று நாலு பேர் நடுவில் சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு பெரியவர் கையமர்த்துவார். "அதெல்லாம் கம்பெனிக்காரன் காரியம், ஸார். அரை கிராம் கூடினால் படம் போச்சு!" பொட்டலத்தைக் கத்தரித்து நீரில் கொட்டுவது ஒன்றுதான் மனிதனுக்கு விதித்தது என்பது அவருடைய சித்தாந்தம். அதன்மேல் எனக்கு நெடுநாளாகக் கோபம். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கறுப்பு வெள்ளைப் பிலிமை இன்னமும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற சொற்பப் பேரில் நானும் ஒருவன். அந்தப் பாத்தியதை போதும்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பொட்டலத்தில்? டி-76 என்கிற பிரசித்தமான டெவலப்பரையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். வெண்காரம் என்றால் தட்டான் நகை பற்றவைக்கிறானே, அதே வெண்காரம்தான். ஆக, 109 கிராமில் 100 கிராம் வெறும் சல்பைட்! கோடக் கம்பெனியைச் சேர்ந்த காப்ஸ்டாஃப் என்பவர் சினிமாப் பிலிமுக்காக வகுத்த கணக்கு இது, 1927-லேயே வெளியாகிவிட்டது. கம்பெனியே ஒளிக்காத சங்கதியை நம் பெரியவர்கள் ஏன் மந்திரம்போல் பொத்தி வைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

அரை கிராம் வாதத்துக்கு வருகிறேன். சல்பைட்டில் அரை கிராம் கூடினால் பிலிமுக்குத் தெரியவே தெரியாது. மெட்டாலில் கூடினால் பிசகுதான், மறுக்கவில்லை. அதற்காகத்தானே பொன் நிறுக்கிற தராசு இருக்கிறது? டி-76 கலந்து வைத்தால் நாளாக ஆகக் காரம் ஏறி வேகம் கூடும், பொட்டலத்தில் அதற்குப் பரிகாரம் செய்திருக்கிறார்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். அந்த வம்பே வேண்டாம் என்றால் டி-23 இருக்கிறது. 1944-இல் வந்தது. மெட்டால் ஏழரை கிராம், சல்பைட் 100 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். அவ்வளவுதான், ரசம் வைக்க இதைவிட அதிகச் சாமான் வேண்டும். அமெரிக்காவின் மலைகளைப் படமெடுத்துப் புகழ்பெற்ற ஆன்ஸெல் ஆடம்ஸுக்கு இது போதுமானதாக இருந்திருக்கிறது. நம் பெரியவருக்குத்தான் போதவில்லை.

கலந்து பார்ப்பவனுக்குக் காரணம் தெரிகிறது. அதுதான் எனக்கு முக்கியம். ஒரு சிட்டிகை சல்பைட்டைத் தவிர மற்றதை நிறுத்தி வைத்துவிட்டு, முதலில் மெட்டாலை வெதுவெதுப்பான நீரில் கரைக்க வேண்டும். சல்பைட் முழுவதையும் முந்திப் போட்டுவிட்டால் மெட்டால் கரையாமல் சண்டித்தனம் செய்யும். அந்தச் சிட்டிகை எதற்கு? மெட்டால் காற்றுப்பட்டுக் கெடாமலிருக்க. பொட்டலம் வாங்குகிறவர் இருபது வருஷம் கொட்டிக் கலக்கினாலும் இது அவர் காதில் விழாது. படம் கெட்டால் கம்பெனியைத் திட்டுவார். சித்திரை வெயிலில் கொதிக்கிற குழாய்த் தண்ணீரை, 20 டிகிரிக்குக் குளிர வைக்காமல் ஊற்றியதை நினைக்கமாட்டார். மெட்டால் சிலர் தோலுக்கு ஆகாது, கையுறை அவசியம் என்பதும் உண்மை. ஆனால் பொட்டலத்துக்குள் இருப்பதும் அதே மெட்டால்தானே, ஐயா!

கம்பெனியை நம்பு என்கிறார்களே, கம்பெனி என்ன சிரஞ்சீவியா? ஆக்ஃபாபோட்டோ 2005-இல் திவாலாயிற்று. கோடக் 2012-இல் கடன் தாங்காமல் கோர்ட்டில் அடைக்கலம் புகுந்தது. நம் உதகமண்டலத்தில் 1960-இல் ஏற்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை மூடியே விட்டார்கள். 'இந்து' பிலிம் அதோடு போயிற்று. பிலிமை அடுப்பங்கரையில் செய்ய முடியாது, போனது போனதுதான். டெவலப்பர் அப்படியல்ல. ஜெர்மனியில் 1891-இல் பிறந்த ரோடினால், ஆக்ஃபாபோட்டோ விழுந்த பிறகும் வேறு கைகளில் தயாராகிக்கொண்டிருக்கிறது. கணக்கு தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதைத் தவிர இதில் அதிசயமில்லை.

மெட்டாலே கிடைக்காத காலம் வந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. நம் ஜனங்களுக்கு மிகவும் பிடித்த வழி. 1995-இல், கோடக்கின் சொந்த ஊரான ராச்செஸ்டரில், ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வகுப்பில் காப்பித் தூளைக் கொண்டு பிலிம் கழுவிக் காட்டினார்கள். பிற்பாடு அதைச் செப்பனிட்டு, லிட்டருக்கு உடனடிக் காப்பித் தூள் 40 கிராம், சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம் என்று ஒரு கணக்கு புழக்கத்துக்கு வந்தது. வேலை செய்வது கஃபெயின் அல்ல, கஃபெயிக் அமிலம் என்கிறார்கள். ஆகையால் மட்டமான தூளே போதும். கும்பகோணம் டிகிரி காப்பியைத் தயவுசெய்து இதில் பாழாக்க வேண்டாம். நாற்றம் சகிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காப்பிக் கோஷ்டியார்மேலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. "விஷமே இல்லாத முறை" என்று பெருமையடித்துக்கொள்கிறார்கள். டெவலப்பர் மட்டும்தான் காப்பி. அடுத்த கிண்ணத்தில் இருப்பது எல்லோரும் உபயோகிக்கிற ஹைப்போதான். பிலிமிலிருந்து கரைந்த வெள்ளியோடு அதை இவர்களும் சாக்கடையில்தான் கொட்டுகிறார்கள்.