இருதயம் தேறியது, மனம் தேறியதா?



'பைபாஸ்' செய்துகொண்ட பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருப்பார். அறுவை சிகிச்சை முடிந்த முதல் வாரம் வீடு நிறைய உறவினர்கள், மேசை நிறைய பழங்கள். இரண்டாம் மாதம் எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறோம்?

என் பெரியப்பா நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் துண்டாடப்பட்ட பின் மலிவுவிலை அடுக்குமாடியின் நான்காம் மாடிக்கு வந்தார். லயத்தில் வாசலுக்கு வந்தாலே பேச ஆள் உண்டு. இங்கே பகல் முழுதும் தனிமை. அறுவைக்குப் பின் சாப்பாடு குறைந்தது, தூக்கம் போயிற்று, மருந்தையும் விட்டுவிட்டுச் சாப்பிட்டார். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்றோம். மருத்துவமனையில் மலாயில் கேட்ட கேள்விக்கெல்லாம் "ஓகே" என்று தலையாட்டிவிட்டு வந்தார். அக்கா உடன்போய் மொழிபெயர்த்த பிறகுதான் அது மனச்சோர்வு என்று தெரிந்தது!

இது சின்ன விசயமல்ல. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பைபாஸ் செய்துகொண்ட 817 பேரை ஆராய்ந்த முடிவு 2003-இல் 'லான்செட்' இதழில் வந்தது. மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு உள்ளவர்களுக்கும், ஆறு மாதமாகியும் மனச்சோர்வு நீங்காதவர்களுக்கும், மரண ஆபத்து மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகம். சோர்ந்த மனம் மருந்தை மறக்கிறது, நடையை நிறுத்துகிறது.

மருந்து மட்டும்தானா வழி? இல்லை. 2009-இல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வில், மனச்சோர்வடைந்த பைபாஸ் நோயாளிகளைத் தாதியர் எட்டு மாதம் தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்து, தேவையான சிகிச்சைக்கு வழிகாட்டினர். அவர்களின் மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? இரண்டே கேள்வி கேளுங்கள். கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருக்கிறதா? 'ஆம்' என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் சில நாள் கலக்கம் இயல்பே; வாரக்கணக்கில் நீடித்தால் அது நோய். மறுபரிசோதனைக்குப் பெரியவரைத் தனியே அனுப்பாதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் மனநல உதவி கேட்கலாம்.

ஆனால் எல்லாப் பெரியவருக்கும் உடன்போக ஓர் அக்கா இல்லை. இந்த நாட்டிற்கு ரப்பரும் செம்பனையும் தந்து உழைத்தவர்கள் தம் மனவேதனையைத் தாய்மொழியில் சொல்ல முடியாமல் தவிப்பது நியாயமா? இருதய நோயாளிகளுக்கு மனநலப் பரிசோதனையும், தமிழில் ஆலோசனையும் வேண்டும் எனக் கேட்பது சலுகையல்ல, உரிமை. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.

அரசாங்கம் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆலயங்களும் சங்கங்களும் வட்டார வாரியாக ஆள் போட்டு இத்தகைய பெரியவர்களை வாரம் ஒரு முறையாவது பார்த்துவரலாம். செலவில்லாத சேவை இது.

பெரியப்பா இப்போது மாலையில் கீழே இறங்கி ஒட்டுக்கடையில் சீனியில்லாக் கோப்பி குடிக்கிறார். பேச இரண்டு நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள்.

உங்கள் அடுக்குமாடியில் இன்னும் கீழே இறங்காத பெரியவர் யார்? இன்று மாலையே கதவைத் தட்டுங்கள்!