"கல்யாண வயசு வரட்டும்" என்று ஒரு கண்ணைக் கொன்றுவிடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை, வீட்டிலுள்ள பிள்ளைகளின் கண்களை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு வந்து எங்களோடு கோபப்படுங்கள்.

எங்களிடம் தரம் 4 இல் படித்த ஒரு மகள். பிறந்ததிலிருந்தே வலது கண்ணின் மேல் இமை கீழே இறங்கியிருக்கும், கண் பாதி மூடியது போல. அமைதியான பிள்ளை, கெட்டிக்காரி. கரும்பலகையை நன்றாகப் பார்ப்பாள், எழுத்தும் முத்து முத்தாக இருக்கும். ஆகவே ஆசிரியர்களாகிய நாமும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடந்த அன்று அவளுடைய இடது கண்ணை மறைத்து எழுத்து அட்டையைக் காட்டினார்கள். முதல் வரியிலுள்ள பெரிய எழுத்தைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. அத்தனை வருடமும் அந்தப் பிள்ளை ஒரே கண்ணால்தான் படித்திருக்கிறாள். அவளுக்கே அது தெரியாது.

பெற்றோரைக் கூப்பிட்டோம். உம்மா அழுதுகொண்டே சொன்னார்: "சின்னதுல கிளினிக்குல காட்டச் சொன்னாங்கதான் சேர். ஊட்டுல பெரியவங்க உடல்ல. அது அழகுக்குச் செய்ற ஒபரேஷன்தானே, பொம்புளப் புள்ள, கல்யாண வயசு வரட்டும் பாப்பம் எண்டாங்க."

பிறகு கண் வைத்தியர் சொன்னது இதுதான்: இமையை இப்போதும் தூக்கலாம், ஆனால் அந்தக் கண்ணின் பார்வை முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

சகோதர சகோதரிகளே, அந்தப் பார்வையைப் பறித்தது நோய் மட்டுமல்ல. "அழகுக்குத்தானே" என்று நாம் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு.

நடப்பது என்னவென்று விளங்கிக்கொள்ளுங்கள். மேல் இமையைத் தூக்குவதற்கென்று ஒரு தசை இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அந்தத் தசை பிறப்பிலேயே சரியாக வளர்ந்திருக்காது. இமை தொங்கும். பிறக்கும்போது எவருக்கும் முழுப் பார்வை கிடைப்பதில்லை. கண்ணும் மூளையும் சேர்ந்து ஏறக்குறைய 7, 8 வயது வரை பார்க்கப் பழகுகின்றன. இமை கருமணியை மறைத்தால் அந்தக் கண்ணிலிருந்து தெளிவான காட்சி மூளைக்குப் போகாது. இமையின் பாரம் கண்ணின் முன்பகுதியை அழுத்தி அதன் வளைவைக் கோணலாக்கினாலும் காட்சி மங்கும். அப்போது மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டு மற்றக் கண்ணை மட்டும் நம்பத் தொடங்கும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். 20 வயதில் மாப்பிள்ளை பார்க்கும்போது இமையைத் தூக்கினால் முகம் ஒத்துப்போகும். கைவிடப்பட்ட பார்வை திரும்பி வராது.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று நாம் சொல்லவில்லை. லேசான தொங்கல் என்றால் சத்திரசிகிச்சை இல்லாமலே கண்ணாடியோடும் கண்காணிப்போடும் விட்டுவிடுவார்கள். ஆனால் எது லேசு, எது ஆபத்து என்று தீர்மானிக்க வேண்டியது கண் வைத்தியர். மாமியோ அடுத்த வீட்டு ராத்தாவோ வட்ஸ்அப் குழுவோ அல்ல.

இனி எமது ஊர்களில் சொல்லப்படும் நியாயங்களுக்கு வருவோம்.

"அல்லாஹ் படைத்ததை மாற்றலாமா?" என்கிறார்கள். படைப்பை மாற்றுவதைப் பற்றிய ஹதீஸில் வருவது அழகுக்காகப் பல்லை இடைவெளியாக்குவதும் பச்சை குத்துவதும் புருவம் பிடுங்குவதும். "அழகுக்காக" என்ற சொல் அந்த ஹதீஸிலேயே இருக்கிறது. யுத்தத்தில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) அவர்கள் வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார்கள். அதில் துர்நாற்றம் வந்தபோது தங்கத்தில் வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியிருக்கிறது. ஆணுக்குத் தங்கம் தடை என்று சொன்ன அதே நபி (ஸல்) அவர்கள்தான்! சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007 இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடியபோதும் பிறவிக் குறையைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சை ஆகும் என்றும், வெறும் அழகுக்காகத் தோற்றத்தை மாற்றுவது ஆகாது என்றும் பிரித்துத்தான் தீர்மானித்தது. பிரித்துப் பார்க்க வேண்டிய இரண்டை ஒன்றாக்கி, பிள்ளையின் மருந்தை ஹராமாக்க எமக்கு யார் அதிகாரம் தந்தது?

அடுத்தது கிரகணம். "வயித்துல இருக்கக்குள்ள உம்மா கிரகணத்துல எதையோ வெட்டியிருப்பா" என்பார்கள். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் மவுத்தான அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அன்றே சொல்லிவிட்டார்கள். 1400 வருடங்களுக்குப் பிறகும் நாம் உம்மாக்களைக் குற்றவாளியாக்கிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது, "தண்ணி ஓதிக் குடுத்திருக்கம்." ஓதுங்கள், துஆ செய்யுங்கள். நாமும் செய்கிறோம். கிளினிக்குக்குப் போகும் வழியில் செய்யுங்கள். மருந்து செய்யும்படி ஏவியதும் அதே மார்க்கம்தான்.

இன்னொன்றையும் கேட்கத்தான் வேண்டும். பிள்ளையின் இமையில் கத்தி படுவது பாவம் என்ற அதே வீட்டில், மணப்பெண்ணின் முகத்தை வெளுப்பாக்க என்ன இருக்கிறதென்றே தெரியாத கிரீமைப் பூசும்போது யாரும் ஃபத்வா கேட்பதில்லை. பாதரசம் கலந்த கிரீம்களைப் பற்றி எத்தனை எச்சரிக்கைகள் வந்துவிட்டன! அழகு எமக்குப் பிரச்சினையே இல்லை. பிள்ளைக்கு இமையில் குறை என்று ஊர் அறிந்துவிடுமோ என்ற வெட்கம்தான் பிரச்சினை.

சரி, சத்திரசிகிச்சை என்றால் எதை எதிர்பார்க்க வேண்டும்? பயம் தெரியாமையில்தான் வளர்கிறது. எனவே சொல்கிறோம்.

கருமணி மறைந்து பார்வைக்கு ஆபத்து என்றால் கைக்குழந்தையாக இருக்கும்போதே செய்வார்கள். இல்லாவிட்டால் பெரும்பாலும் 3 முதல் 5 வயது வரை காத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு முழு மயக்கம் கொடுத்தே செய்வார்கள். தசையில் ஓரளவு பலம் இருந்தால் அதைச் சுருக்கித் தைப்பார்கள். பலமே இல்லாவிட்டால் தொடையிலிருந்து எடுக்கும் நார் போன்ற திசுவாலோ சிலிக்கன் இழையாலோ இமையை நெற்றித் தசையோடு இணைப்பார்கள். பிறகு பிள்ளை நெற்றியை உயர்த்தினால் இமை உயரும்.

ஒன்றிரண்டு வாரம் வீக்கமும் கண்டலும் இருக்கும். பார்த்துப் பதற வேண்டாம். தூங்கும்போது கண் முழுதாக மூடாமல் இருக்கலாம். அதனால் கண் காயாமல் இருக்கத் தரும் சொட்டு மருந்தையும் களிம்பையும் ஒரு வேளையும் தவற விடக்கூடாது. இரண்டு கண்ணும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்காது. பிள்ளை வளரும்போது மீண்டும் ஒரு தடவை செய்ய வேண்டியும் வரலாம். இவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் "ஒபரேஷன் பிழைத்துவிட்டது" என்று ஊரில் கதை பரப்ப மாட்டோம்.

முக்கியமானது: இமையைத் தூக்குவது கதவைத் திறப்பது மட்டும்தான். சோம்பேறிக் கண் ஏற்கனவே வந்திருந்தால் கண்ணாடி போட வேண்டும், நல்ல கண்ணைத் தினமும் சில மணித்தியாலம் மறைத்து மற்றக் கண்ணைப் பழக்க வேண்டும். பிள்ளை அழும், கழற்றி எறியும். அங்கேதான் உம்மா வாப்பாவின் பொறுமை வேண்டும். வகுப்பில் கேலி நடக்காமல் பார்ப்பது ஆசிரியர்களாகிய எங்கள் பொறுப்பு.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயதாகும்போது இமைத் தோல் தளர்ந்து கண்ணின் மேல் விழும். குர்ஆன் ஓத விரலால் இமையைத் தூக்கிப் பிடிக்கும் மூத்தம்மாக்களை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கும் சிகிச்சை உண்டு, விறைப்பு ஊசியோடு செய்யலாம். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை பாவிப்பவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், தாமாக நிறுத்தவும் வேண்டாம். செய்த பிறகு கடும் வலியோடு கண் பிதுங்கினாலோ பார்வை மங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள். நேற்றுவரை நன்றாக இருந்த இமை திடீரென்று விழுந்தால், கூடவே தலைவலியோ இரட்டைப் பார்வையோ வந்தால், அது இமை நோயல்ல, மூளை நரம்பின் அபாய அறிவிப்பாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

குறை எதுவுமின்றி அழகுக்காக மட்டும் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஆலிம்களிடம் கேட்கட்டும். அதிகம் தோல் வெட்டப்பட்டால் கண் மூடாமல் போகும், கண் காய்ந்து எரியும் என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். அவர்களுடைய விடயத்தைக் காட்டி நோயுள்ள பிள்ளையின் வழியை அடைக்காதீர்கள் என்பதே எமது வேண்டுகோள்.

"காசு?" என்று கேட்க வேண்டாம். கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை உட்பட அரச வைத்தியசாலைகளில் இது இலவசம். வரிசை நீளமாக இருக்கும். அதற்காகவே முந்திப் பதிய வேண்டும். போக்குவரத்துக்கு இல்லாதவர்களுக்கு ஸகாத் நிதியிலிருந்து கொடுக்க முடியாதா? நிர்வாக சபைகள் யோசிக்கட்டும்.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளையை வெளிச்சத்தில் இருத்தி இரண்டு இமையும் ஒரே உயரமா பாருங்கள். ஒரு கண்ணை மூடி மற்றதால் பார்க்கச் சொல்லுங்கள். நாடியைத் தூக்கித் தூக்கி டிவி பார்க்கிறதா கவனியுங்கள். சந்தேகம் என்றால் மிட்வைஃபிடமோ சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திலோ சொல்லிக் கடிதம் எடுங்கள். ஆசிரியர்களே, தரம் 1 இல் பரிசோதனை நடக்கும் நாளில் இப்படியான பிள்ளையை முதலில் வரிசையில் நிறுத்துங்கள். தரம் 4 வரை நாம் பார்த்திருந்தது போல நீங்களும் பார்த்திருக்க வேண்டாம். ஆலிம்களே, ஒரு ஜும்ஆவில் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். உங்கள் சொல்லுக்கு இந்த ஊர் கட்டுப்படும்.

அந்த மகள் இப்போது கிளினிக்குக்குப் போய் வருகிறாள். கிடைப்பது கொஞ்சப் பார்வையானாலும் அல்ஹம்துலில்லாஹ். அவளுடைய தம்பிக்கும் ஒரு இமை லேசாக இறங்கியிருக்கிறது. வயது 2. போன மாதமே வாப்பா அவனைத் தூக்கிக்கொண்டு கண் வைத்தியரிடம் போய்விட்டார். இந்தத் தடவை யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் பார்வையைப் பாதுகாப்பானாக. ஆமீன்.

தேவையானவர்களுக்குப் போய்ச் சேரப் பகிருங்கள்.