சான்றிதழ் இலவசம், மறதிக்குத்தான் விலை

தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரி வீடியோ வகுப்புக்காகச் சொந்தமாக சர்வர் வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜிட்சி மீட், பிக்புளூபட்டன் இரண்டுமே இலவச மென்பொருள்கள், நிறுவியாகிவிட்டது. அரூரிலும் பென்னாகரத்திலும் இருக்கும் மாணவர்கள் லிங்கைத் தொட்டால், ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று பிரவுசர் மறிக்கிறது. ‘பரவாயில்ல, அட்வான்ஸ்டு கொடுத்து உள்ள வாங்க’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதில் வருகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சான்றிதழ் எதற்கு?

இது எந்த முகவரியின் சர்வர் என்பதை உறுதிசெய்வதும், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்காமல் பேச்சைப் பூட்டுவதும் சான்றிதழின் வேலை. பாதுகாப்பில்லாத முகவரிக்கு பிரவுசர்கள் கேமராவையும் மைக்கையும் திறப்பதே இல்லை. நாமே தயாரித்துக்கொண்ட சான்றிதழை ஜிட்சியின் மொபைல் செயலி ஏற்காது.

எச்சரிக்கையைத் தாண்டிப் போனால் என்ன? 2014 ஜூலையில், தேசிய தகவல் மையத்தின் பெயரில் கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானது தெரியவந்தது. உடனே அந்த மையத்தின் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் ரத்தானது. போலிச் சான்றிதழ் என்பது கற்பனை அல்ல. எச்சரிக்கையை மதிக்காமல் பழகிய மாணவர், நாளை போலி வங்கித் தளத்திலும் அதே பட்டனைத்தான் அழுத்துவார்.

எப்படி வாங்குவது?

2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற சேவை சான்றிதழைக் காசில்லாமல் தருகிறது. சொந்த டொமைன் பெயர் வேண்டும். அது சர்வரின் ஐபி முகவரியைக் காட்ட வேண்டும். 80ஆம் போர்ட் வெளியிலிருந்து திறந்திருக்க வேண்டும். மீதியை சர்ட்பாட் என்ற கருவி பார்த்துக்கொள்ளும்.

இடறும் இடம் ஒன்று உண்டு. பல பிராட்பேண்ட் இணைப்புகளில் வாடிக்கையாளருக்குத் தனிப் பொது ஐபி கிடைப்பதில்லை. வளாகத்துக்குள் மட்டும் பயன்படுத்துவதென்றால், டொமைனின் டிஎன்எஸ் பதிவில் ஒரு வரி சேர்த்து உரிமையை நிரூபிக்கலாம். வெளியூர் மாணவர்களும் சேர வேண்டுமென்றால் நிலையான ஐபி கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் வாடகை சர்வர்தான் வழி.

வாங்கினால் முடிந்ததா?

இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தரும் சான்றிதழின் ஆயுள் 90 நாள்தான். காலாவதியை நினைவூட்டி அனுப்பிய மின்னஞ்சல்களையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். 2029 மார்ச் முதல் எந்த நிறுவனம் தரும் சான்றிதழுக்கும் உச்ச வரம்பு 47 நாள். காலண்டரில் குறித்துவைத்துப் புதுப்பிக்கிற காலம் போய்விட்டது.

ஆகவே புதுப்பித்தலைத் தானியங்கியாக்கி, ஒருமுறை ஒத்திகை பார்ப்பது கட்டாயம். புதுச் சான்றிதழ் வந்ததும் வெப் சர்வர் அதைப் படித்துக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். படிக்காவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். டொமைன் கணக்கு ஒரே ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால், அவர் மாற்றலாகிப் போன பிறகு புதுப்பிக்க ஆள் இருக்காது. அலுவலகப் பெயரில், இரண்டு பேர் பொறுப்பில் இருப்பதே சரி.

சான்றிதழ் வழியைத்தான் காக்கும். அறைக் கதவைப் பூட்டாது. கூட்டத்துக்குக் கடவுச்சொல்லைத் தனியாகத்தான் போட வேண்டும்.

சொந்த சர்வர் வைப்பது நல்ல முடிவு. ஆனால் தேர்வுக்கு முந்தைய நாள் காலை வகுப்பு திறக்காமல் போனால், மென்பொருள் இலவசம் என்ற பெருமை யாருக்கும் உதவாது.